ஒரு 'உம்' போட்டால் ஒரு பஸ் காசு மிச்சம்

திருகோணமலை மாவட்டத்தில் அரச அறிவித்தல்களையும் படிவங்களையும் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உத்தியோகத்தர்களே,

வணக்கம். நகரில் அலுவலகங்கள் நெருங்கியிருக்கிற பக்கமாக ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, லேமினேட் பண்ணுவது, டைப் அடிப்பது, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். உங்கள் மேசையில் பிறக்கிற தமிழ் வாக்கியங்கள் பாதி என் கடை வாங்கில் வந்துதான் உட்காருகின்றன. "தம்பி, இதிலே என்ன கேட்டிருக்கினம்?" என்று நாளைக்குப் பத்துப் பேராவது தாளை நீட்டுவார்கள். உங்களுக்கு அடுத்தபடியாக உங்கள் எழுத்தை அதிகம் வாசிக்கிறவன் நான்தான் என்று கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம்.

எழுத்துப் பிழை பற்றி முறையிட வரவில்லை. லகரம் ளகரம் மாறிக் கிடந்தாலும் ஆச்சிமாருக்கு விளங்கிவிடும். நான் சொல்ல வந்தது சொல்லையும் சொல்லையும், வாக்கியத்தையும் வாக்கியத்தையும் சேர்க்கிற சின்னத் துண்டுகளைப் பற்றி: உம், ஓ, மற்றும், அல்லது, ஆனால், எனவே, ஏனெனில். பள்ளிக்கூடத்தில் இடைச்சொல் என்று படித்தோமே, அந்தக் கூட்டமும் அதன் சொந்தக்காரர்களும். இடையிலே கிடக்கிறதுதானே என்று நாம் எல்லோரும் கவனிக்காமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

போன கச்சான் காற்றுக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காற்று மண்ணை அள்ளிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வெருகல் பக்கத்து அம்மா ஒருவர் வந்து வாங்கில் உட்கார்ந்தார். விடியப்புறம் பஸ் ஏறி, மூதூர் கடந்து, கிண்ணியாப் பாலத்தால் வந்தவர். 2009இல் அந்தப் பாலம் திறந்த பிறகு பாதைக்கு, அதுதான் ஆளையும் வண்டியையும் அக்கரை ஏற்றுகிற படகுக்கு, காத்து நிற்கிற வேலை இல்லை, உண்மைதான். ஆனால் அந்த அம்மாவுக்கு வந்த வேலை முடியவில்லை. ஒரு அலுவலகத்தில் (எது என்று சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான்) கருமபீடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்த அறிவித்தலில் இப்படி இருந்தது:

"தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மற்றும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் அல்லது மின்சாரப் பட்டியல் சமர்ப்பிக்கப்படல் வேண்டும்."

அம்மா கொண்டுவந்தது கரண்ட் பில் மட்டும்.

"தம்பி, 'அல்லது' எண்டு கிடக்குதே. இதெல்லாம் இல்லாட்டி அது எண்டுதானே அர்த்தம்? அதுதான் பில்லை மட்டும் கொண்டு வந்தனான்."

நான் வாசித்துப் பார்த்தேன். அம்மா சொன்னதில் பிழை இல்லை. முதல் மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டினால், அந்தக் கட்டுக்குப் பதிலாக மின்சாரப் பட்டியல் போதும். எழுதியவர் நினைத்தது வேறு: அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கட்டாயம், கடைசி இரண்டில் ஒன்று போதும். கடையில் எனக்கு உதவிக்கு நிற்கிற பொடியன் உயர்தரம் படிக்கிறவன். அவனிடம் தாளைக் கொடுத்தேன். அவன் மூன்றாவதாக ஒரு அர்த்தம் எடுத்தான்: அடையாள அட்டை கட்டாயம், மற்றப்படி பிறப்புச் சான்றிதழும் வதிவிடச் சான்றிதழும் சேர்ந்து ஒரு கட்டு, அதற்கு மாற்று மின்சாரப் பட்டியல். ஒரே வாக்கியம், மூன்று பேர், மூன்று பட்டியல். அந்த அம்மா அடுத்த கிழமை மறுபடி வரவேண்டியதாயிற்று.

இதையே நம் வீட்டில் பேசுகிற தமிழில் எழுதிப் பாருங்கள்: "அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கட்டாயம் வேண்டும். அவற்றோடு, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோ மின்சாரப் பட்டியலோ ஒன்று வேண்டும்." மூன்றாவது அர்த்தம் எடுக்கப் பொடியனாலும் முடியாது. காரணம் எளிது. உம்மும் ஓவும் தனியாக நிற்கிற சொற்கள் இல்லை. ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஒட்டிக்கொள்கின்றன. எவை எவற்றோடு சேர்கின்றன என்பதை ஒவ்வொரு சொல்லும் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு வருகிறது. 'மற்றும்', 'அல்லது' இரண்டும் அப்படி இல்லை. நடுவிலே ஒற்றையாக மிதக்கும். இடப்பக்கம் எதுவரை இழுக்கும், வலப்பக்கம் எதுவரை இழுக்கும் என்பது வாசிக்கிறவரின் யோகம்.

கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்களுக்குச் சம்பந்தர் பதிகம் தெரிந்திருக்கும். இந்தக் கரைக்கு வராமலே, இராமேசுவரத்திலிருந்து பாடியதாகச் சொல்வார்கள். அதன் முதல் பாட்டில் நம் கடல் என்னென்ன கொண்டு வருகிறது என்று ஒரு பட்டியல் உண்டு: "கரைகெழு சந்தும் காரகிற் பிளவும் அளப்பருங் கனமணி வரன்றி". சந்தனமும் அகிலும் ஆளுக்கொரு உம் வாங்கிவிட்டன. மூன்றாவதாக வருகிற மணிக்கு மட்டும் கிடைக்கவில்லை. பாட்டில் அது மறைந்து நிற்கலாம், ஓசை தாங்கிக்கொள்ளும். அறிவித்தலில் மறைந்தால் யாராவது மணியைக் கொண்டுவராமல் வந்து நிற்பார்கள்.

இந்த உம் சாதாரண ஆள் இல்லை. தொல்காப்பியர் இதற்கு எட்டு வேலை சொல்கிறார்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். நன்னூலிலும் கணக்கு எட்டுத்தான். இதைக் கேட்டதும் தேர்வுக்கு மனப்பாடம் செய்த சலிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் கருமபீடத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் வாயில் பாதி உம்மைகள் நாள்தோறும் வருகின்றன. "மூன்றும் வேணுமாம்" என்றால் முற்றும்மை. "ஜீ.எஸ்.சுக்கும் (கிராம உத்தியோகத்தருக்கும்) விளங்கேல்லையாம்" என்றால் சிறப்பும்மை. "இன்றைக்குக் கையெழுத்துக் கிடைத்தாலும் கிடைக்கும்" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால் அது ஐயம், இலக்கணத்திலும் வாழ்க்கையிலும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எச்ச உம்மை. 'சாத்தனும் வந்தான்' என்றால், சாத்தனுக்கு முன்னே வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர் பெயரைச் சொல்லவே வேண்டாம், உம் சொல்லிவிடும். இதை நம் நாட்டு அரசியலமைப்பில் போய்ப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இல் 13ஆம் திருத்தம் 18ஆம் உறுப்புரையில் தமிழைச் சேர்த்தபோது, தமிழும் அரச கரும மொழி என்று வந்தது. ஆங்கில வாசகத்தில் 'ஓல்சோ' என்று தனியாக ஒரு சொல் நிற்கிறது. தமிழில் அது ஒரே ஒரு உம். முப்பத்தொரு வருடம் அந்த உம்முக்குள் இருக்கிறது. இன்னொருவர் முன்னே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. பிறகு 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கியது. நீங்கள் தமிழில் அறிவித்தல் எழுதுகிற வேலைக்கு அடிப்படையே இந்தத் திருத்தங்கள்தான். ஓர் உம்மால் வந்த உரிமையை வைத்துக்கொண்டு உம்மையே கைவிட்டால் எப்படி?

அதே 18ஆம் உறுப்புரை ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இணைப்பு மொழி தன்னுடைய இணைப்புச் சொல்லையும் கூடவே கொண்டுவந்து நம் வாக்கியத்தில் குடியேற்றிவிட்டது. நாலு பொருளை வரிசையாகச் சொல்லி, கமா போட்டு, கடைசிக்கு முன்னால் ஒரே ஒரு 'அன்ட்' வைப்பது ஆங்கில வழக்கம். அந்த 'அன்ட்' இருந்த இடத்தில் 'மற்றும்' என்று ஒட்டினோம், வேலை முடிந்தது. பழைய இலக்கணத்தில் 'மற்று' என்ற இடைச்சொல் இந்த வேலையே பார்க்கவில்லை. ஒரு செயலை விட்டு வேறொன்றுக்குத் திரும்புவதைக் காட்டும், பொருளில்லாமல் அசையாக வரும், பிறிது என்று பொருள் தரும். 'மற்ற ஆட்கள்', 'மற்றப்படி சுகம்' என்று நாம் பேசுவதில் இன்னும் அந்தப் பிறிது இருக்கிறது. யாராவது வீட்டில் "சோறு மற்றும் மீன்குழம்பு தாங்கோ" என்று கேட்பார்களா? கேட்டால் அம்மா நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

எதிர்க்கடை நண்பர் சிங்களவர். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது இந்தக் கவலையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் அப்படித்தான்" என்றார். எழுத்தில் 'சஹ' என்று நடுவில் போடுவார்களாம், வாயில் வருவது 'மமத் ஓயாத்'. நானும் நீயும் என்று அர்த்தம். நம் உம் போலவே இரண்டு சொல்லின் வாலிலும் ஒரு 'த்'. 'நானோ நீயோ' என்பதற்கு 'மம ஹரி ஓயா ஹரி'. அதிலும் இரண்டு பக்கமும் ஒட்டு. இந்த ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கிற இரண்டு மொழியும் ஒரே மாதிரிக் கட்டுகின்றன. அறிவித்தல் பலகைக்கு ஏறும்போது மட்டும் இரண்டும் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொள்கின்றன.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். எட்டுப் பொருளுக்கு எட்டு உம் போட்டால் வாக்கியம் தேர் இழுக்கிற மாதிரி நகரும். அதற்கும் தமிழில் வழி இருக்கிறது, 'ஆகிய'. "அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வதிவிடச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கும் வேண்டும்." கமா எத்தனை வந்தாலும் கவலை இல்லை. 'ஆகிய' கதவைச் சாத்துகிறது, 'நான்கும்' பூட்டுப் போடுகிறது. இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று வரிசையில் நிற்கிறவருக்கு விளங்கும், விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

இதே இடத்தில் 'முதலிய' என்று எழுதுகிறீர்களே, அதைப் பற்றி ஒரு பாட்டம் அழ வேண்டும். "அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் முதலிய ஆவணங்கள்." 'முதலிய' கதவைத் திறந்து வைக்கிறது. இவையும் இன்னும் வேறு சிலவும் என்று அர்த்தம். அந்த வேறு சில எவை? உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. குச்சவெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. அதனால் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? வீட்டில் இருக்கிற எல்லாத் தாளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்து, எல்லாவற்றிலும் எனக்கு போட்டோகொப்பி சொல்கிறார். கலியாணப் பதிவு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, செத்துப்போன தகப்பனின் ஓய்வூதியக் கடிதம் வரை. எனக்கு வியாபாரம்தான். அந்தக் காசை வாங்கும்போது உங்கள் 'முதலிய'வை நினைத்துக்கொள்வேன்.

'வேண்டாம்' என்று முடிகிற வாக்கியத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் அறிவித்தல் ஒன்று டைப் அடிக்க வந்தார். கோட்டைப் பக்கம் திரிகிற மான்களைப் பற்றியது. "மான்களுக்குப் பாண் மற்றும் பழங்கள் கொடுக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். எங்கள் பொடியன் கேட்டான்: "அண்ணை, இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கக்கூடாதோ? பாண் மட்டும் கொடுக்கலாமோ?" பகிடிக்குக் கேட்டாலும் கேள்வி சரி. 'பாணும் பழமும் வேண்டாம்' என்று மாற்றினால்கூட அந்த ஓட்டை முழுதாக அடைபடாது. "பாணோ பழமோ வேறெதுவுமோ கொடுக்க வேண்டாம்" என்றால் அடைபட்டுவிடும். மறுக்கும்போது ஓ, கேட்கும்போது உம். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி அறிவித்தல் தேறிவிடும்.

அப்புறம் வினையெச்சம். ஆங்கிலத்தில் இரண்டு செயலைச் சேர்க்கத் தனிச் சொல் வேண்டும், நமக்கு வினையே கொக்கி. கடலுக்குப் போய், வலை போட்டு, மீன் எடுத்து, கரைக்கு வந்து, விற்றான். எத்தனை செயல்! 'மற்றும்' ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தக் கொக்கிக்கு ஒரு நிபந்தனை உண்டு. 'செய்து' என்ற வடிவில் வருகிற எச்சமும் கடைசியில் வருகிற முற்றும் ஒரே ஆளுடைய செயலாக இருக்க வேண்டும். தொல்காப்பியர் காலத்து விதி. அதை மறந்து எழுதின ஒரு வரி:

"விண்ணப்பதாரர் படிவத்தைப் பூர்த்தி செய்து, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, கருமபீடத்தில் ஒப்படைக்க வேண்டும்."

யார் ஒப்படைப்பது? விதிப்படி பார்த்தால் உறுதிப்படுத்தியவர்தான் ஒப்படைக்க வேண்டும். அப்படியே எடுத்துக்கொண்டு, படிவத்தை ஜீ.எஸ்.சிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பதில் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஜீ.எஸ். கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, அவர்கள் வந்து எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுத் திகதி போய்விட்டது. "படிவத்தை நிரப்பி, கிராம உத்தியோகத்தரிடம் உறுதி பெற்று, நீங்களே கருமபீடத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் மூன்று வினையும் ஒரே ஆளுக்குப் போயிருக்கும்.

முடிவுத் திகதி போன பிறகு அவர்களுக்கு வந்த கடிதத்தையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். "தங்களது விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. ஏனெனில் முடிவுத் திகதி கடந்துவிட்ட காரணத்தினாலாகும்." 'ஏனெனில்' என்றால் 'ஏன் என்று கேட்டால்' என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகு 'காரணத்தினால்' எதற்கு? ஒரு கதவுக்கு இரண்டு பிடி. "முடிவுத் திகதி கடந்துவிட்டதால் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை." ஒரே ஒரு 'ஆல்' போதும். கேட்கிறவர் மனசும் அவ்வளவு நோகாது, காரணம் முதலில் வந்துவிடுகிறதே.

இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. வாடிக்கையாளர் இல்லாத நேரம் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்ப்பேன். ஆனால், ஆனாலும், ஆயினும், ஆகவே, ஆதலால்: எல்லாம் 'ஆ' என்ற வினையின் பிள்ளைகள். எனவே, எனினும், என்றாலும், ஏனெனில்: எல்லாம் 'என்' என்ற வினையின் பிள்ளைகள். நாம் பேசுகிற 'எண்டபடியால்' அந்த வீட்டுக் கடைக்குட்டி. 'அல்லது' என்பதோ 'அல்' என்ற மறுப்பிலிருந்து வந்தது, அது அல்லாதது என்று. ஆக, தமிழில் இணைக்கிற சொற்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் முழு வினையாக வேலை பார்த்துவிட்டு இப்போது இந்தப் பக்கம் வந்தவை. பழைய வேலையின் பழக்கம் இன்னும் போகவில்லை. 'எனவே' என்று எழுதினால், 'இப்படி இருக்கிறபடியால்' என்று முன்னால் சொன்னதைச் சுட்டிக் காட்டும். முன்னால் காரணம் எதுவும் சொல்லாமல், அறிவித்தலின் இரண்டாம் பந்தியைத் தொடங்க வேண்டுமே என்பதற்காக 'எனவே' போட்டால், அது எதைச் சுட்டுவது என்று தெரியாமல் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்கும். 'மேலும்' என்பதும் அப்படித்தான். ஒரு பக்கக் கடிதத்தில் நாலு 'மேலும்' எண்ணியிருக்கிறேன். ஏணியே முடிந்துவிட்டது, இன்னும் மேலே எங்கே போவது?

உங்கள் கஷ்டமும் தெரியும். சிங்களத்தில் வருகிற சுற்றறிக்கையை மத்தியானத்துக்குள் தமிழாக்கித் தா என்றால், உம்மைக்கும் எச்சத்துக்கும் யாருக்கு நேரம் இருக்கிறது? மூல வாக்கியத்தில் இருக்கிற வரிசையிலேயே சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டால், பிறகு ஒருவரும் குற்றம் பிடிக்க முடியாது என்ற பாதுகாப்பும் இருக்கலாம். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அமைச்சுகளின் பெயரில் இருக்கிற 'மற்றும்' அப்படியே இருக்கட்டும், அது பலகையிலும் ஏறி, றப்பர் முத்திரையிலும் ஏறிவிட்டது. சனம் கையில் தாளோடு வந்து நிற்க வேண்டிய வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் பாருங்கள். என்ன கொண்டுவர வேண்டும், யார் வர வேண்டும், எதை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்கிற அந்த இரண்டு மூன்று வரி. ஒட்டுவதற்கு முன் வாசலில் நிற்கிற காவலாளியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, "இப்போ நீங்கள் என்னென்ன கொண்டுவருவீங்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்கிற பட்டியலும் உங்கள் மனசில் இருக்கிற பட்டியலும் ஒன்றாக இருந்தால் ஒட்டுங்கள். காவலாளி லீவு என்றால் என் கடைக்கு அனுப்புங்கள். வாசிக்கக் காசு வாங்க மாட்டேன். போட்டோகொப்பி எடுத்தால் அதற்கு மட்டும்.

கடைசியாக ஒரு ஒப்புதல். இந்த மடலை வாசித்துவிட்டு யாராவது என் கடையைத் தேடி வந்தால் பெயர்ப்பலகையைப் பார்ப்பீர்கள். "போட்டோகொப்பி, லேமினேட்டிங் மற்றும் டைப்பிங்" என்று நீல எழுத்தில் கொட்டையாக இருக்கும். கடை தொடங்கினபோது எழுதியது. பொடியன் நாள்தோறும் அதைக் காட்டிச் சிரிக்கிறான். பெயின்ரரிடம் கேட்டேன், அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்தால் தடம் தெரியுமாம், முழுப் பலகையையும் திரும்ப எழுத வேண்டுமாம். மாரி முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொமினிகேஷன் கடைக்காரன்,
திருகோணமலை.